சின்னவளுக்கு எங்கே கட்டுவது?



சாய்ந்தமருதில் வயல் காணியை விற்ற காசோடு தங்கச்சி குடும்பம் மாலபே பக்கம் வீடு தேடுகிறது. மச்சானுக்குக் கொழும்பில் வேலை, பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான். போன கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு டவுன்ஹவுஸ் பார்க்கப் போனோம். பெரிய கேட், செக்யூரிட்டி. உள்ளே போனால் ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை. பிள்ளைகள் ரோட்டிலேயே பயமில்லாமல் சைக்கிள் ஓடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் ஆசை வந்தது.

திரும்பி வரும்போது வேனுக்குள் உம்மா கேட்டா: "எல்லாம் சரி மகள், சின்னவளுக்கு எங்க ஊடு கட்டுற?"

யாரும் பதில் சொல்லவில்லை.

நம் ஊர்களில் வீடு ஒரே நாளில் கட்டி முடிகிற சாமான் இல்லை. பிளேட் போட்டுவிட்டு மேலே கம்பியை நீட்டி விடுவோம். பத்துப் பதினைந்து வருடம் அந்தக் கம்பி கறள் பிடித்து நிற்கும். பிறகு ஒருநாள் இரண்டாவது மகளுக்கு மேல்மாடி எழும்பும். (சீதன வீடு சரியா பிழையா என்பது வேறு கதை. பிழை என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் குடும்பம் பெருக வீடும் பெருகுவது நல்ல விசயம்தானே.)

டவுன்ஹவுஸுக்குக் கம்பி நீட்ட முடியாது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். அதைவிட முக்கியம் உறுதி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொண்டோமினியமாகப் பதிந்த வீடென்றால், உங்களுக்கு எழுதித் தருவது அந்த வீட்டுப் பகுதியைத்தான். காணி, அத்திவாரம், கூரை போன்றவை பொதுவாக எல்லா வீட்டுக்காரருக்கும் கூட்டுச் சொத்து. நினைத்த மாதிரி மாடி எழுப்ப முடியாது. எல்லா இடமும் இப்படி இல்லை. சில இடங்களில் இத்தனை பேர்ச்சஸ் என்று தனி உறுதி தருகிறார்கள். எது என்பதை அட்வான்ஸ் கொடுக்க முதல் உங்கள் நொத்தாரிசிடம் பிளானைக் காட்டிக் கேளுங்கள். விற்க வந்த தம்பியிடம் நாங்கள் இதைத்தான் கேட்டோம். அவர் ஸ்விம்மிங் பூலைக் காட்டினார்.

அந்தப் பூலுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் மெயின்டனன்ஸ் காசு. மூன்று தட்டு வீட்டில் கீழே படுக்கிற அறை ஒன்றுகூட இல்லை. முழங்கால் வருத்தம் உள்ள உம்மா வந்தால் ஹோலில்தான் பாய் போட வேண்டும்.

ஒரு பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கும், இன்னும் கொஞ்ச வருடத்தில் விற்றுவிட்டுப் போக நினைக்கிறவர்களுக்கும் அது நல்ல வீடு. எங்களைப் போல குடும்பங்களுக்கு, கொஞ்சம் உள்ளே தள்ளியென்றாலும், தனி உறுதியோடு எட்டுப் பேர்ச்சஸ் காணியும் சின்ன வீடும்தான் சரி என்று படுகிறது. கேட்டும் அமைதியும் இல்லாமல் போகலாம். மேலே வானம் நம்முடையதாக இருக்கும்.

மச்சான் இதைப் பழைய மூளை என்கிறார். தங்கச்சி இன்னும் முடிவெடுக்கவில்லை. சின்னவளுக்கு இப்போது ஏழு வயது. அவளுக்கு அந்தப் பூல் வீடுதான் வேணுமாம்.