பாபி பைக்கும் 20 வளைவுகளும்

பழைய வண்டி என்றால் ஒரு நட்டு கூட மாறக் கூடாது என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. வண்டி ஷெட்டில் நிற்கப் போகிறது என்றால் நானும் அவர்கள் கட்சிதான். ஏற்காடு மலையில் ஓடப் போகிறது என்றால் இல்லை.

இந்தப் பேச்சு எழுந்ததே என் தம்பி பேரன் வாங்கி வந்திருக்கும் பாபி பைக்கால்தான். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1973-இல் வந்த 'பாபி' இந்திப் படத்தில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் போன குட்டி வண்டி. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. படம் ஓடிய ஓட்டத்தில் கம்பெனி வைத்த பெயர் மறந்து 'பாபி' என்பதே நிலைத்துவிட்டது. சின்னச் சக்கரம், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், மூன்று கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட வேண்டும் என்கிறான் பையன். வண்டியின் மதிப்பே போய்விடும் என்கிறார் அவன் அப்பா.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். 1,100 மீட்டருக்கு மேல் இறக்கம். வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்குவதில் வெளிப்படும் சக்தி, 9 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இதில் கொஞ்சம் காற்றிலும் இன்ஜினிலும் போகும். மிச்சமெல்லாம் அந்த இரண்டு குட்டி டிரம்களின் தலையில்தான்.

மலை இறக்கத்தில் கியரில் பிடித்து இறக்கு என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு குறைவு. அதோடு, ஆக்சிலேட்டரை மூடியபடியே நெடுந்தூரம் இறங்கினால் பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் வராது; பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். அந்தக் காலத்து ஆட்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திருகிவிடுவது சும்மா பந்தாவுக்கு அல்ல. ஆக, பாரம் முழுக்க பிரேக்கில் விழுகிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் வழுக்கும். லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. டிஸ்க் காற்றுபடச் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

டிஸ்க் என்பது நேற்று வந்த நாகரிகமும் அல்ல. 1962-லேயே இத்தாலியின் லாம்ப்ரெட்டா டி.வி. 175 ஸ்கூட்டர் முன்சக்கரத்தில் கேபிளால் இயங்கும் டிஸ்க்கோடு வந்தது. நம் சென்னை என்ஃபீல்டு கம்பெனி ஜெர்மனியின் சுண்டாப் வண்டியைத் தழுவிச் செய்த ஃப்யூரி 175-இல் ஹைட்ராலிக் டிஸ்க் இருந்தது. வாங்கத்தான் ஆள் குறைவு.

என் சண்டை டிஸ்க்கோடு அல்ல, அதைப் போடும் விதத்தோடு. ஃபோர்க் குழாயில் ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து, அதில் காலிபரைத் தொங்கவிட்டு, "முடிஞ்சுது சார்" என்று சாவியைக் கொடுக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சுற்றிப் போகப் பார்க்கும் காலிபரை அந்தத் துண்டுதான் பிடித்து நிறுத்த வேண்டும். வெல்டிங் சூட்டில் குழாய் வளையும், பலமும் போகும். லேத் பட்டறையில் தடித்த தகட்டில் கடைந்து, போல்ட்டில் மாட்டிக் கழற்றும்படி செய்வதுதான் முறை.

அடுத்தது, பிடி. சின்னச் சக்கரத்தை நிறுத்தக் குறைந்த முறுக்கு போதும். பெரிய பைக்கின் காலிபரைக் கொண்டுவந்து மாட்டினால் விரல் பட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பனியில் நனைந்த வளைவில் முன்சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னது இதுதான்: எடை குறைந்த ஸ்கூட்டர் ஒன்றிலிருந்து மாஸ்டர் சிலிண்டரையும் காலிபரையும் ஜோடியாக எடு, பிரிக்காதே. மாஸ்டர் சிலிண்டர் சின்னதாகவும் காலிபர் பிஸ்டன் பெரிதாகவும் அமைந்தால் லீவர் மெத்தென்று உள்ளே போய்க் கடிக்கும். மாறி அமைந்தால் கல் மாதிரி இருக்கும், பிடிக்காது. இரண்டு விரலில் படிப்படியாகப் பிடி ஏறும் வரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

டிஸ்க் ஆடாமல் சுற்ற வேண்டும். காலிபரின் பின்கள் தடையில்லாமல் நகர வேண்டும். ஏர் முழுதாக எடுக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. பிரேக் அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் கம்பெனி அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய முன்சக்கரம், டிரம், கேபிள் எல்லாவற்றையும் கிரீஸ் தடவிப் பரணில் ஏற்றிவிட்டால் அப்பாவுக்கும் நிம்மதி. நாளைக்கே கண்காட்சி என்றால் மாட்டிக்கொள்ளலாம்.

பின் டிரம்மைத் தொட வேண்டியதில்லை. புது லைனிங் போதும்.

போட்டு முடித்ததும் சமதளத்தில் இருபது முப்பது முறை மிதமான வேகத்தில் நிறுத்தி, பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். பிறகு விடியற்காலையில், பஸ் ஏறுமுன், ஒண்டிக்கடையிலிருந்து தனியாக இறங்கட்டும். நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, லீவர் அதே இடத்தில் பிடிக்கிறதா என்று பார்க்கட்டும். அதுவரை பின்சீட்டில் யாரும் ஏற வேண்டாம்.