சிப்ஸ் பாக்கெட் உப்பினால் சிரிக்கலாம்... சிப் பெட்டி உப்பினால்?

சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துக் கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பாக்கெட்டுக்குள் அடைத்த வாயு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உப்பல்.

செல்போனுக்குள் இருக்கிற 'சிப்'புக்கும் இதே தொல்லை உண்டு. சிப் எல்லாமே முதலில் வட்டமான சிலிக்கான் தகட்டில்தான் உருவாகின்றன. 'வேஃபர்' என்று பெயர். ஒரு ஊரில் தயாராகும் வேஃபர், வெட்டி, கம்பி இணைத்து, சோதித்து முடிக்க வேறு ஊருக்குப் போகும். பெரும்பாலும் விமானத்தில். சரக்கு அறையின் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். அதாவது, ஏற்காட்டுக்கும் மேலே!

அப்படி என்ன பெரிய பெட்டி?

இன்று அதிகம் புழங்கும் பெரிய வேஃபரின் விட்டம் 300 மில்லிமீட்டர். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.775தான். இப்படி 25 வேஃபர்களை அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு 'ஃபூப்' என்று பெயர். தொழிற்சாலைக்குள் ரோபோவே இதைத் தூக்கிக்கொண்டு போகும். பழைய தொழில்நுட்பத்தில் செய்த வேஃபர் ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் பெறும். பெட்டி கைதவறி விழுந்தால் போவது பல லட்சம் ரூபாய்.

விழுவதைவிட மோசமானது குலுங்கல். ரோபோ சுலபமாக எடுக்க வேண்டும் என்பதால் ஃபூப்புக்குள் வேஃபர்கள் கொஞ்சம் தளர்வாகவே உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே லாரியில் ஏற்றினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் விளிம்பு பிளாஸ்டிக்கில் உரசும். உரசினால் துகள். துகள் விழுந்த இடத்தில் இருந்த சிப் காலி. வெளியே எதுவும் உடைந்திருக்காது, பெட்டி பளபளவென்று வந்து சேரும். இரண்டு வாரம் கழித்து டெஸ்டில்தான் தெரியும். அதற்குள் யார் தப்பு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

எனவே தூரப் பயணத்துக்குத் தனிப் பெட்டி உண்டு. கதவை மூடியதும் மெத்தென்ற பிடிகள் வேஃபரின் விளிம்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஃபூப்பிலேயே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே தடுப்பு வைக்கணும். பிறகு நிலைமின்சாரம் சேராத பாலித்தீன் பை, அதற்கு மேல் ஈரம் நுழையாத அலுமினியப் பை, இரண்டு முனையிலும் நுரை மெத்தை, கடைசியாக இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி. அதன் மேல், சாய்த்தாலோ இடித்தாலோ நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் ஸ்டிக்கர். பைக்குள் காற்றை அதிகமாக விட்டு ஒட்டினால் விமானத்தில் உப்பித் தையல் பிரியும். அதனால் காற்றை அளவாக உறிஞ்சிவிட்டுத்தான் ஒட்டுவார்கள்.

பிரிப்பதிலும் முறை இருக்கிறது. அட்டைப்பெட்டி கிளீன் ரூம் வாசலைக்கூடத் தாண்டக் கூடாது, அட்டையே நார் உதிர்க்கும். வெளிப்பையைத் துடைத்து இடைப்பட்ட அறையில் கழற்றுவார்கள். உள்பை திறப்பது கிளீன் ரூமுக்குள்தான். குளிர்ந்த சரக்கு அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்கு வந்த பெட்டியை உடனே பிரித்தால் வியர்த்துவிடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கணும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை இது.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 'ஐஎஸ்ஓ 5' தர கிளீன் ரூமில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் அளவுள்ள, அதைவிடப் பெரிய துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண அறையில் இது கோடிக்கணக்கில் போகும். அடிவாரத்தை ஒட்டிய வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியில் பைக் ஓட்டியவர்களுக்குத் தூசி என்றால் என்னவென்று தெரியும். ஆனால் இங்கே பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத தூசி.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் சிப் அசெம்பிளி வேலையை 1980களிலேயே கையில் எடுத்தது. 2024 பிப்ரவரி 29 அன்று மத்திய அமைச்சரவை குஜராத்தின் தொலேராவில் வேஃபர் ஆலைக்கும், அசாமிலும் சனந்திலும் அசெம்பிளி ஆலைகளுக்கும் ஒப்புதல் கொடுத்தது. தயாரிப்பு ஒரு மூலையில், அசெம்பிளி இன்னொரு மூலையில் என்றால், நடுவில் பயணிக்கப் போவது இந்தப் பெட்டிகள்தான். 2025-26 தமிழக பட்ஜெட்டில் செமிகண்டக்டர் இயக்கம் 2030-க்கு 500 கோடி ரூபாயும், கோவை வட்டாரத்தில் சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கர் பூங்காக்களும் அறிவிக்கப்பட்டன. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் அங்கே போகிற லாரிகள் சேர்வராயன் மலையைப் பார்த்தபடி சேலத்தைக் கடந்துதான் போகும்.

ஆனால் பேச்செல்லாம் "நமக்கு ஃபேப் எப்போ வரும்?" என்பதிலேயே சுற்றுகிறது. ஒரு ஃபேப்புக்கு பல்லாயிரம் கோடி வேண்டும். பை, நுரை, பெட்டி கழுவும் கூடம் ஆகியவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. இன்று வேஃபர் பெட்டி என்றாலே அமெரிக்காவின் என்டெக்ரிஸ், ஜப்பானின் ஷின்-எட்சு பாலிமர், மிராயல், தைவானின் குடெங் பெயர்கள்தான் அடிபடுகின்றன. பெட்டியில் அவர்களோடு மோதுவது இப்போதைக்குக் கஷ்டம். பையிலும் மெத்தையிலும், திரும்பி வரும் பெட்டிகளைக் கழுவி உலர்த்தித் தருவதிலும் மோதலாம். பிளாஸ்டிக்கும் அட்டைப்பெட்டியும் கொங்கு வட்டாரத்துக்குப் புதுசா என்ன?

புதுசு ஒன்று உண்டு: அந்தப் பையைச் செய்யும் இடமே கிளீன் ரூமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து என்ன ஆவி கசிகிறது என்று அளக்கும் கருவி, அதிர்வு மேசை, விழவைத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் வேண்டும். பத்து பேர் வேலை செய்யும் பட்டறை இதைத் தனியாக வாங்க முடியாது. சூலூர், பல்லடம் பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சோதனைக் கூடம் ஒன்றை அரசு வைத்தால் முடியும்.

"இப்போ யார் வாங்குவாங்க?" என்ற கேள்வி நியாயமானது. ஆர்டர் இன்று குறைவுதான். ஆனால் சிப் நிறுவனங்கள் ஒரு புதுப் பையை உள்ளே விடுவதற்கு மாதக்கணக்கில் சோதிப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல்காரரைத் தேடினால் யார் கிடைப்பார்? அதற்குள் ஆளையாவது தயார் செய்யலாம். எந்தப் பையை எங்கே கழற்றுவது, காற்றை எவ்வளவு உறிஞ்சுவது, ஸ்டிக்கர் நிறம் மாறியிருந்தால் கையெழுத்துப் போடாமல் யாருக்குப் போன் செய்வது என்பதை ஐடிஐகளில் சில மாதக் குறுகிய படிப்பாகவே சொல்லித்தர முடியும்.