தடிமன் குளிசையும் மறைத்துவைத்த குளிசையும்

கடந்த மழைக்காலத்தில் வன்னியிலிருந்து மாமி கண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டாம் நாளே தடிமன். நகரில் ஒரு பாமசிக்குக் கூட்டிப் போய் நான்தான் சிங்களத்தில் கேட்டு மருந்து வாங்கினேன். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கடதாசி உறையில் போட்டு, மூன்று வேளை என்று சிங்களத்தில் எழுதித் தந்தார்கள். அன்றிரவு மலசலகூடத்துக்கு எழும்பிய மாமி தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் மூன்று தையல்.

2009க்குப் பிறகு மாமி இரவில் அமிட்ரிப்டிலின் போட்டுத்தான் நித்திரை கொள்கிறார். வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று பாமசியில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாமி சொல்லியிருக்க மாட்டார். "பைத்தியக் குளிசை" என்ற பேச்சுக்கு அஞ்சி, போர் பார்த்த எங்கள் வீடுகளில் அந்த அட்டைகள் சீலைக்கு அடியில்தான் கிடக்கின்றன.

நாங்கள் பிரிற்றன் என்று கேட்டு வாங்குவது குளோர்பெனிரமின். நித்திரை மயக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மருந்து. அமிட்ரிப்டிலின், டயசிபாம், குளோனசிபாம் எதனோடு சேர்ந்தாலும் மயக்கம் கூடும். சாராயமும் அதே கணக்குத்தான். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் வாய் வரளும், சலம் அடைபடலாம், வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறலாம்.

மூக்கடைப்புக்குச் சேர்க்கப்படும் சூடோஎபெட்ரின் வேறு வழியில் ஆபத்து. இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் பிறஷர் ஏறும். அதே வேலைக்கு விற்கப்படும் பினைலெப்ரினைக் குளிசையாக விழுங்கிப் பயனில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டெம்பரில் ஏகமனதாகச் சொன்னது. பல தடிமன் குளிசைகளில் பரசிட்டமோலும் இருக்கிறது. காய்ச்சலுக்கென்று மேலே பனடோலும் போட்டால், வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற எல்லை தெரியாமலே தாண்டிவிடும்.

இதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் துண்டில் எழுதியிருக்கும். குளிசையை வெட்டி விற்கும்போது துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. நான் பிறகு கேட்டு வாங்கிய துண்டு முழுக்க ஆங்கிலம். மாமி ஒரு வரியும் வாசிக்க மாட்டார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. மருந்துச் சுட்டுத்துண்டுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் இருக்கிறது. மொழியுரிமை என்றால் வீதிப் பெயர்ப்பலகைக்காகப் பேசுகிறோம், இந்த உறைக்காகப் பேசியதில்லை. நானும்தான்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். மருந்தை வியாபாரப் பெயரால் அல்ல, மூலப்பெயரால் அறிய வேண்டும் என்று போராடிய பேராசிரியர் சேனக்க பிபிலே கற்பித்த இடம். இரண்டு பெயரில் வந்த ஒரே மருந்தை இருமுறை விழுங்காமலிருக்க அது ஒன்றே வழி.

போன கிழமை மாமிக்குத் திரும்பவும் தடிமன். இம்முறை கிளினிக் கொப்பியையும் இரவுக் குளிசை அட்டையையும் மேசையில் வைத்தேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாமசிக்காரர் இரண்டையும் பார்த்தார், எடுத்த அட்டையை லாச்சிக்குள் திரும்பப் போட்டார், பரசிட்டமோல் மட்டும் தந்தார்.