'நியூகாசிலே போடுறான், நாம போட்டா என்ன?' என்று கேட்பவர்களுக்கு



நம்ம கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடுகிற வாதத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வரும் சுற்றுப்போட்டிக்கு ஒரு நுண்கடன் கம்பனி இலவசமாக ஜேர்ஸி அடித்துத் தருகிறதாம், நெஞ்சில் அவர்கள் பெயர் மட்டும் இருந்தால் போதுமாம். "சவூதிக்காரன் வாங்கின நியூகாசிலே கம்பனிப் பெயர் போட்டுத்தான் விளையாடுறான், உங்களுக்கு மட்டும் என்ன பேணுதல்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதற்கு எழுபது லைக்.

நியூகாசிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நீங்கள்தான். அப்படியென்றால் அந்தச் சாட்சி சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

அந்தக் கழகம் பிறந்தது 1892இல். சவூதியின் பொது முதலீட்டு நிதியம் 80 வீதத்தை வாங்கியது 2021 ஒக்டோபரில். இடையில் கிட்டத்தட்ட 130 வருடம் அதைச் சுமந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை செய்த மக்கள். அவர்களின் பெரிய ஹீரோ ஜாக்கி மில்பர்ன், சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பந்து விளையாடியவர். 1951, 1952, 1955 என்று மூன்று எப்.ஏ. கிண்ணம். அதற்குப் பிறகு உள்நாட்டில் ஒரு பெரிய கிண்ணம் எடுக்க 70 வருடம் காத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் லீக் கிண்ண இறுதிப் போட்டியில் லிவர்பூலை 2-1 என்று வென்றபோது முதல் கோலைத் தலையால் போட்ட டான் பேர்ன் அந்தப் பக்கத்துப் பொடியன், சின்ன வயதில் அதே கழகம் வேண்டாமென்று அனுப்பிய ஆள். (அன்று நம்மவர்கள் சிலர் "உம்மத்தின் வெற்றி" என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். தோற்ற அணியில் முஹம்மத் ஸலாஹ் நின்றார், அதுவும் நோன்பு மாதத்தில். அவர் எந்த உம்மத்தாம்?)

இனி நெஞ்சுக்கு வருவோம். 1990களில் அலன் ஷியரர் கோல் அடித்துக் கை தூக்கும் படங்களைப் பாருங்கள், சட்டையில் பியர் போத்தலின் நட்சத்திரம். பிறகு நோர்தன் றொக், அந்த ஊரின் சொந்த வங்கி. 2007 செப்டெம்பரில் மக்கள் அதன் வாசலில் வரிசையில் நின்று காசை எடுத்தார்கள், 2008இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. பிறகு 2013இல் வந்தது வொங்கா.

இந்த வொங்காவைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பள நாள் வரைக்கும் கைமாற்றுக் கொடுக்கிற கம்பனி. விளம்பரத்தில் அவர்களே போட்ட வருட வட்டி 5,853 வீதம். அச்சுப்பிழை இல்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தில் கிடந்த ஊரின் பிள்ளைகள் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். நகரசபைத் தலைவரே பகிரங்கமாகக் கண்டித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், வொங்கா ஒரு நல்லதும் செய்தது: உரிமையாளர் மாற்றி வைத்திருந்த மைதானத்தின் பழைய பெயர் சென். ஜேம்ஸ் பார்க்கைத் திருப்பிக் கொடுத்தது. காசு அப்படித்தான் உள்ளே வரும், ஒரு கையில் இனிப்போடு.

அந்தச் சட்டையைப் போட மாட்டேன் என்று நின்றவர் செனகல் வீரர் பாப்பிஸ் சிஸ்ஸே. வட்டி என் மார்க்கத்துக்கு ஆகாது, பெயர் இல்லாத சட்டை தாருங்கள் என்றார். பயிற்சிச் சுற்றுலாவுக்கும் போகவில்லை. பிறகு அவர் கசினோவில் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது, ஊரே சிரித்தது, கடைசியில் இணங்கிவிட்டார். "பாத்தியளா, அவரும் போட்டார்தானே" என்று நாளைக்கு யாராவது எழுதுவீர்கள். போட்டார்தான். ஆனால் கசினோவுக்குப் போன ஒருவரின் பிழையால் 5,853 வீதம் ஹலாலாகிவிடுமா? அவர் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

பதில் வொங்காவிடமிருந்தே வந்தது. கடன்காரர்களை மிரட்ட, இல்லாத சட்டத்தரணிகளின் பெயரில் கடிதம் அனுப்பியது 2014இல் வெளியே வந்தது. அதே வருடம் 330,000 பேரின் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது, திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்குக் கொடுத்த கடன் அது. 2018இல் கம்பனி வங்குரோத்து. கழகம் அதற்கு முந்திய வருடமே ஒரு சூதாட்டக் கம்பனிக்கு மாறிவிட்டது!

இதையா முன்மாதிரி என்று காட்டுகிறீர்கள்?

"துணியில ஒரு பெயர்தானே" என்கிறார்கள். துணியில் ஒரு பெயருக்கு ஒன்றுமில்லை என்றால் அந்தக் கம்பனி ஏன் காசு செலவழிக்கிறது? நம்ம ஊரில் கிழமைக்குக் கிழமை தவணைக்காரன் எந்தெந்த வாசலில் நிற்கிறான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனைக் கண்டு கதவைச் சாத்துகிற உம்மாவின் மகன் நம்ம அணியில் இருக்கிறான். அவன் முதுகில் இலக்கமும் நெஞ்சில் அந்தப் பெயருமாக மைதானத்தில் இறங்கப் போகிறான். அதைத்தான் நீங்கள் இலவசம் என்கிறீர்கள்.

நிர்வாகக் கூட்டம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. பெயர் இல்லாத ஜேர்ஸி அடிக்கலாம் என்று நான் பிரேரணை வைக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கான காசு என் பொறுப்பு. மிச்சத்தில் யார் யார் எத்தனை எடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். லைக் போட்ட எழுபது பேரும் எழுதலாம்.