பறை முதல் அலைபேசி வரை: செய்தி யார் கையில்?

தகவல் தொடர்பின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. முரசு, ஓலை, அச்சு, வானொலி, தொலைக்காட்சி, அலைபேசி என ஒவ்வொன்றும் முந்தையதைவிட விரைவானது, ஆகவே மேலானது என்கிறார்கள். அக்கருவி யார் கையில் இருந்தது என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

தமிழக ஊர்களில் சாவையும் திருவிழாவையும் பறையறைந்து அறிவித்தவர்கள் சேரி மக்களே. ஆனால் எதை அறிவிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. செய்தியைச் சுமந்தவர்களுக்குச் செய்தியின்மீது உரிமையில்லை. அத்தொழிலே இழிவாக அவர்கள்மீது சுமத்தப்பட்டது.

இந்நிலையில் அச்சு ஒரு விரிசலை உண்டாக்கியது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வழங்கப்பட்ட பெயரே இதழின் பெயராயிற்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். எளியவரும் வாங்கத்தக்க விலை பெயரிலேயே இருந்தது. 1920 ஜனவரி 31 அன்று மராத்தியில் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வெளிவந்தது. பிறர் இதழ்களில் இடம் கிடைக்கும் என்று இம்மூவரும் காத்திருக்கவில்லை.

அவ்வாறு காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது கணக்கிட்ட 121 ஊடகத் தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

அலைபேசி இதை மாற்றிவிட்டதா? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளை அடித்தவர்களே அதைக் காணொளியாக்கிப் பரப்பினர். அச்சுறுத்தலாக அனுப்பப்பட்ட அதே காணொளி குற்றத்தின் சான்றாகி, ஆகஸ்டில் அகமதாபாத்திலிருந்து உனா வரை நடைபயணமாக எழுந்தது. அதன் பொருளை மாற்றியது கருவியன்று, திரண்ட மக்கள்.

மறுபக்கமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தபோது, பஞ்சாபில் அலைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. அச்சகம் நமதாக இருந்தது, அலைவரிசை நமதன்று. இன்று நம் பதிவு யார் கண்ணில் படவேண்டும் என்பதையும் நிறுவனங்களின் நெறிநிரலே தீர்மானிக்கிறது.

ஆகவே, சமூக ஊடகத்தில் பேச முடிகிறது என்பதோடு நிறைவடைதல் கூடாது. செய்தி அறைகளில் உரிய பங்கைக் கோருவதும், நமக்கென ஊடகங்களை நடத்துவதும், வன்கொடுமைச் சான்றுகளைப் பிறர் அழிக்க இயலாதவாறு நாமே சேமிப்பதும் இன்றைய கடமைகள். முன்னோடிகள் அச்சகத்தில் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை.