எம்டன் வந்தா எந்தக் கப்பலை அனுப்புவீங்க?

1977-ல வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தோட முதல் சீன் ஞாபகம் இருக்கா? ஒரு குட்டி விண்கலம் தலைதெறிக்க ஓடும். பின்னாடியே திரை மொத்தத்தையும் அடைச்சுக்கிட்டு ஒரு ராட்சசக் கலம் துரத்தும். குட்டி, கார்வெட் வகை. துரத்தறது, ஸ்டார் டெஸ்ட்ராயர். 'ரெண்டும் வானத்துல பறக்குது, சுடுது. அப்புறம் எதுக்குப்பா தனித்தனி பேரு?'னு கேக்கறவங்களுக்குத்தான் இந்த வார மேட்டர்.

கார்வெட், ஃபிரிகேட், டெஸ்ட்ராயர், குரூஸர்... எல்லாமே கடல்லேர்ந்து கடன் வாங்கின பேருங்க. கதை எழுதினவங்க தண்ணியை எடுத்துட்டு நட்சத்திரத்தைப் போட்டாங்க, அவ்ளோதான். அதனால இதைப் புரிஞ்சுக்க வேற கேலக்ஸிக்கு டிக்கெட் எடுக்க வேணாம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற காட்டுப்பள்ளி போதும். அங்கே எல் அண்ட் டி-யோட கப்பல் கட்டும் தளம் இருக்கு.

முதல்ல குரூஸர். தூர தேசத்துல தனியா ரவுண்டு அடிச்சு கலாட்டா பண்ற ஆள். இவரை உங்க பாட்டிக்கே தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனி டாங்க்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் 'எம்டன்' ஒரு குரூஸர்தான். ஒத்தைக் கப்பல், ஊரே காலி! 'அவன் சரியான எம்டன்'னு இன்னிக்கும் சொல்றோமே, அது அப்போ ஒட்டிக்கிட்டது. ஆனா எம்டனுக்கு நிலக்கரி சுமந்துக்கிட்டு ஒரு சரக்குக் கப்பலும் கூடவே அலைஞ்சது. அதை யாரும் பேசறதில்ல. கரி இல்லேன்னா எம்டன் வெறும் இரும்பு.

அடுத்தது டெஸ்ட்ராயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில டார்பிடோ வச்சிருந்த சின்னச் சின்னப் படகுங்க பெரிய போர்க்கப்பல்களை மிரட்ட ஆரம்பிச்சுது. அதுங்களை விரட்டறதுக்குன்னே பிறந்ததுதான் இது. முழுப்பேரு 'டார்பிடோ போட் டெஸ்ட்ராயர்'. 1893-ல பிரிட்டன் கட்டின 'ஹேவாக்' முந்நூறு டன்கூடத் தேறாது. இப்போ? 2016-ல நம்ம கடற்படையில சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை 164 மீட்டர் நீளம், சுமார் 7,500 டன். சினிமாவுல ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டிட்டாங்க. வாட்ச்மேனா சேர்ந்தவர் எம்.டி. ஆன கதை!

ஃபிரிகேட்டுக்கு வேலை, துணைக்குப் போறது. பெரிய கப்பல்களைச் சுத்தி நின்னு, அடியில நீர்மூழ்கி வருதா, மேலே விமானம் வருதான்னு பார்க்கணும். 2025 ஜனவரி 15-ல சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி இந்த ஜாதி. ஆமா, நம்ம ஊட்டி மலை பேருதான்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கரையோரம் ஆழம் குறைவான இடத்துல பெரிய கப்பல் தரைதட்டிடும். ஆனா நீர்மூழ்கி அங்கே பதுங்கலாம். அதுக்காகவே ஒரு சிறுசு, ஐ.என்.எஸ். அர்னாலா. கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனமும் எல் அண்ட் டி-யும் கூட்டா கட்டினது. 2022 டிசம்பர்ல காட்டுப்பள்ளியில தண்ணியில இறங்கி, 2025 ஜூன் 18-ல கடற்படையில சேர்ந்தது. வெளியே சுத்தற புரொப்பெல்லருக்குப் பதிலா வாட்டர் ஜெட். தண்ணியை உறிஞ்சி பின்னாடி பீய்ச்சி அடிச்சே ஓடும். கார்வெட்டுக்கு நெருங்கின சொந்தம்னு வச்சுக்கோங்க.

கடலோரக் காவல்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்களும் எல் அண்ட் டி கட்டிக் கொடுத்ததுதான். ஏழாவது, 'விக்ரஹா'. 2021 ஆகஸ்ட்ல சென்னையில சேர்ந்தது. சண்டை போடறதைவிட கடத்தல்காரங்களை மடக்கறது, தவிக்கிற மீனவர்களை மீட்கறதுதான் இதுக்குத் தினசரி வேலை.

ஆனா என் ஃபேவரிட் வேற. 2017 ஜூன்ல அதே இடத்துல தண்ணியில இறங்கின மிதக்கும் டாக், பேரு எஃப்.டி.என்-2. 185 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். துப்பாக்கியும் இல்ல, வேகமும் இல்ல. டாங்க்குகள்ல தண்ணியை ரொப்பிக்கிட்டு கீழே அமுங்கும். அடிபட்ட கப்பல் உள்ளே வரும். தண்ணியை வெளியே இறைச்சதும் கப்பலோடு சேர்ந்து மேலே எழும். 8,000 டன் வரைக்கும் தூக்கும். அப்புறம் அடிப்பக்கத்துல வெல்டிங் பண்ணலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம், எட்டாவது பாஸ் ஆனாலே புரியும். எந்த விண்வெளிப் படத்துலயும் இதுக்கு ஹீரோ வேஷம் கிடையாது. ஆனா இது இல்லாத படை ஒரு தடவைதான் சண்டை போட முடியும்.

சரி, இதனால நமக்கு என்ன? 2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு எல்.பி.ஜி. கப்பலும் எண்ணெய் டேங்கரும் மோதிக்கிச்சு. கரிய எண்ணெய் கரையெல்லாம் அப்பிக்கிச்சு. அன்னிக்கு ஏவுகணையை வச்சு என்ன பண்றது? காவல்படையோடு சேர்ந்து மீனவர்களும் காலேஜ் பசங்களும் பக்கெட்ல அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடி எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய். மறுபடி மீனவர்கள் கையில மக்கும் டிரம்மும். வலையும் போச்சு, மீனும் போச்சு.

இதுதான் விஷயம் ஃப்ரெண்ட்ஸ். கப்பல் வகைங்கறது சைஸைப் பொறுத்தது இல்ல. 'என்ன ஆபத்து வரும்?'ங்கற கேள்விக்கான பதில். எம்டனுக்கு பெரிய பீரங்கி பதில். பதுங்கற நீர்மூழ்கிக்கு அர்னாலா பதில். எண்ணெய்க்கு? மிதவைத் தடுப்பு போட்டு உறிஞ்சி எடுக்கற கப்பல் பதில். காவல்படையில அந்த வகையும் உண்டு. ஆனா கழிமுகத்துக்குள்ள, ஆழமே இல்லாத சேத்துல போய் அள்ளற சின்னக் கலத்தை யாராவது நிறைய கட்டணும். மெக்கானிக்கல், ஐ.டி.ஐ. வெல்டர், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஓஷன் இன்ஜினீயரிங் மக்களே... ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? இதோ!

அதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். பழவேற்காடு முதல் எண்ணூர் வரைக்கும் காவல் காக்க உங்களுக்கு ஏழே ஏழு கப்பல். எதெது, எதுக்குன்னு எழுதி அனுப்புங்க. ஏழும் டெஸ்ட்ராயர்னு எழுதறவங்களுக்கு ஒரு பக்கெட் பரிசு!