கடல்நடுப் பணிக்கு முதற்படி மொழியே

வளைகுடா நாடுகளில் விண்முட்டும் மாடங்கள் எழுவதற்கு முன்னர் அந்நாட்டுக் கரையோர மக்களுக்குச் சோறிட்டது முத்துக்குளிப்பாகும். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையில் மலிந்தபோது அத்தொழில் நலிந்தது. அந்நலிவின் நடுவே, 1932-ஆம் ஆண்டில் பஹ்ரைனில் எண்ணெய் வெளிப்பட்டது. 1951-இல் சவூதி அரேபியாவின் சஃபானியா என்னுமிடத்தில் கடலுக்கடியில் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. உலகின் மிகப் பெரிய கடலடி எண்ணெய் வயல் அதுவே. 1971-இல் கத்தார் நாட்டின் வடகடலில் பெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், ‘சாகர் சாம்ராட்’ என்னும் துரப்பணக் கலம் 1974-இல் எண்ணெய் வளத்தைக் கண்டது. 1976-இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. முத்தெடுத்த கடல்களும் மீன்பிடித்த கடல்களும் இவ்வாறே எண்ணெய் எடுக்கும் கடல்களாயின.

நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் மரக்கலத்தால் வாழ்ந்த ஊர்கள். மரக்காயர் என்னும் பெயரே அதற்குச் சான்று பகரும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவன் தன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு மூழ்குவான் என்று நம் பெரியோர் சொல்வது வழக்கம். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை எவனும் விரும்பான் என்பது அதன் கருத்து. ஆயினும், அன்பு மட்டும் போதாது. கயிற்றின் அசைவு எதைக் குறிக்கிறதென்று மேலிருப்பவனும் கீழிருப்பவனும் ஒருபடித்தாய் உணர்ந்திருக்க வேண்டும். அந்தக் கயிற்று மொழியைப் பற்றியே இக்கட்டுரையில் சில எண்ணங்களை முன்வைக்க விழைகிறோம்.

தொழிலா, சான்றிதழா?

பட்டம் பெற்று வெளியேறும் நம் மாணவர்களிடையே ‘ஆப்ஷோர் வேலை’ என்னும் சொல் ஒரு மந்திரம்போல் உலவுகிறது. ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில், கைநிறைய ஊதியம், உணவும் உறைவிடமும் இலவசம் என்று கேள்விப்பட்டவுடன், ‘எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்?’ என்பதே அவர்களின் முதல் வினாவாகிறது. ‘எந்தத் தொழில் கற்க வேண்டும்?’ என்று கேட்பார் அரியர். இவ்வரிசைமாற்றமே நம் இளைஞர் பலரின் துன்பத்திற்கு வித்து என்பது நம் கருத்து.

எண்ணெய் மேடை என்பது கடல்நடுவே கால் ஊன்றி நிற்கும் ஒரு சிற்றூர். அங்குத் துரப்பணம் செய்வோர் மட்டுமல்லர். வெல்டர், மின்பணியாளர், பிட்டர், சாரம் கட்டுவோர், கிரேன் இயக்குவோர், பளுவைக் கட்டித் தூக்கும் ரிக்கர், வண்ணம் பூசுவோர், சமையற்காரர், துணி வெளுப்போர், பண்டகக் காப்பாளர், வானொலி இயக்குநர், மருத்துவ உதவியாளர் எனப் பலரும் உள்ளனர். துரப்பணக் கலத்தில் ஏதும் அறியாத புதியவன் ஏறும் முதற்படி ‘ரௌஸ்டபவுட்’ எனப்படும் தளப் பணியாளர் நிலை. சுமத்தல், துடைத்தல், கழுவுதல், கிரேனுக்குத் துணைநிற்றல் ஆகியவை அவன் பணிகள். அதிலிருந்து துரப்பணத் தளத்திற்கும், பின்னர் கோபுரத்தின் உச்சிக்கும், பல்லாண்டுகள் சென்றபின் துரப்பணர் நிலைக்கும் உயரலாம். அந்த முதற்படியிலும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேர உழைப்பு உண்டு. வெயிலும் உப்புக்காற்றும் இரவுப்பணியும் உண்டு.

ஆகவே, கரையில் ஒரு தொழிலைச் செம்மையாகக் கற்று, ஓரிரு ஆண்டுகள் தொழிற்சாலையிலோ கப்பல் பட்டறையிலோ பணியாற்றியவனுக்கே கடலின் கதவு எளிதில் திறக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் பயின்று பட்டறையில் கைபழகியவன், வெறும் பட்டச் சான்றிதழோடு நிற்பவனைக் காட்டிலும் அங்கு மதிக்கப்படுவான். கலைப்பட்டம் பெற்றவர்களுக்கும் பண்டகம், ஆவணக் காப்பு, விடுதி மேலாண்மை ஆகியவற்றில் இடமுண்டு. ஆனால் அவர்களும் கணக்கு, கணினி, தெளிவான கடித வரைவு ஆகியவற்றில் தேர்ந்திருத்தல் வேண்டும்.

மூன்று நாள் பயிற்சியின் மாண்பு

தொழிலுக்கு அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. ‘போசியட்’ என்று சுருக்கமாக வழங்கும் அடிப்படைப் பயிற்சிக்கு ‘ஓபிட்டோ’ என்னும் அமைப்பு நெறிமுறை வகுத்துள்ளது. பொதுவாக மூன்று நாள்கள் நடைபெறும் அப்பயிற்சியில் தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்பிழைத்தல், ஹெலிகாப்டரிலிருந்து தப்புதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அச்சான்றிதழ் நான்கு ஆண்டுகள் செல்லும். ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் பயிற்சி பெறுவோரை அமர்த்தி, நீச்சற்குளத்தில் அமிழ்த்தித் தலைகீழாகப் புரட்டுவார்கள். சன்னலின் விளிம்பை ஒரு கையால் பற்றிக்கொள்ளுதல், சுழற்சி நிற்கும்வரை பொறுத்தல், அதன்பின் இடைவாரை அவிழ்த்தல், பற்றிய விளிம்பின் வழியே வெளியேறுதல் என்பது முறை. பதற்றத்தில் முதலிலேயே வாரை அவிழ்ப்பவன் திசை தெரியாமல் உள்ளேயே மிதப்பான். இவ்வறிவு உடம்பில் ஊறவேண்டியது. தாளில் அச்சிட்டுத் தரக்கூடியதன்று.

இத்தகைய சான்றிதழையும் பயிற்சியின்றியே விலைக்குத் தருவதாகச் சொல்வோர் உளர். தேர்வில் பார்த்தெழுதுபவன் தன் கல்வியைக் கெடுத்துக்கொள்கிறான். போலிப் பாதுகாப்புச் சான்றிதழோடு மேடையேறுபவனோ தன் உயிரோடு தன் பக்கத்தில் நிற்பவனின் உயிரையும் அடகு வைக்கிறான். அவ்வாறு ஈட்டிய பொருள் ஹலாலானதா என்று நம் பெரியோர் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை, கடல்நடுவிலும் பொருந்தும்.

ஒரு சீட்டும் 167 உயிர்களும்

எழுத்து எத்துணை வலியது என்பதற்குக் கடல்நடுப் பணியின் வரலாற்றில் ஒரு கொடிய சான்றுண்டு. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், ஸ்காட்லாந்துக்கு அருகே வடகடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ என்னும் மேடையில் ஒரு பம்பு பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டு, அவ்விடத்தில் ஓர் அடைப்புத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. அவ்வேலைக்குரிய அனுமதிச் சீட்டின் செய்தி இரவுப் பணியாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணியை ஒட்டி மற்றொரு பம்பு நின்றுபோகவே, வால்வு இல்லாத பம்பை அவர்கள் இயக்கினர். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர். 61 பேரே உயிர் தப்பினர். கலன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990-இல் 106 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. இன்று உலகெங்கும் அனுமதிச் சீட்டு முறைக்கு இத்துணை முதன்மை தரப்படுவதற்கு அந்நிகழ்ச்சி பெருங்காரணமாகும்.

நம் கடலிலும் துயரங்கள் நேர்ந்துள்ளன. 2005-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், மும்பை ஹையில் ஒரு கப்பலின் சமையற்காரர் விரலில் காயமுற்றார். அவரை மேடைக்கு மாற்றுவதற்காக அக்கப்பல் அணுகியபோது, மேடையின் எரிவாயுக் குழாயில் மோதித் தீ மூண்டது. 22 உயிர்கள் பலியாயின. 362 பேர் மீட்கப்பட்டனர். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வீசிய ‘டவ்தே’ புயலில் அதே கடற்பகுதியில் பி-305 என்னும் தங்கு மிதவையும் ஓர் இழுவைக் கப்பலும் மூழ்கியதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இளைஞர்களை அச்சுறுத்துவதற்காக இவற்றை எழுதவில்லை. கடலில் சிறு பிழை சிறு பிழையாகவே நிற்பதில்லை என்பதை உணர்த்தவே எழுதுகிறோம்.

தமிழ்த்துறை செய்யத்தக்கது என்ன?

இனி, இம்மலரை வெளியிடும் துறையினரிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். மேடையில் ஆளும் மொழி ஆங்கிலம். நம் இளைஞரோ ஆங்கிலத்தைத் தேர்வுக்காகக் கற்றவர்கள். ‘ஐசொலேஷன்’ என்னும் சொல்லுக்குத் ‘தனிமை’ என்று அகராதியில் பொருள் கண்டவன், மேடையில் அச்சொல்லைக் கேட்டு என்ன உணர்வான்? ஒரு கருவிக்கு வரும் மின்சாரம், அழுத்தம், எரிவாயு அனைத்தையும் துண்டித்து, மீண்டும் எவரும் திறவாதபடி பூட்டி அட்டை தொங்கவிடுதல் என்பதே அங்கு அதன் பொருள். பொருள் விளங்காமலேயே தலையசைத்துக் கையொப்பமிடுவது நம்மிடையே உள்ள ஒரு பெருங்குறை. மேலாளர்முன் ‘விளங்கவில்லை’ என்று சொல்ல நாணுகிறோம். பணிவு என்று நாம் கருதும் அந்நாணம் அங்கே உயிரைக் குடிக்கும்.

ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை எடுத்துக்கொள்வோம். வளைகுடாவின் பல வயல்களில் எண்ணெயோடும் எரிவாயுவோடும் கலந்து வருவது அது. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மோப்பவுணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியடைபவன் அடுத்த சில நொடிகளில் வீழ்வான். இவ்வுண்மையை ஒருவன் தாய்மொழியில் ஒருமுறை கேட்டால் சாகும்வரை மறவான். அரைகுறையாக விளங்கிய அயல்மொழியில் பத்துமுறை கேட்டாலும் அவன் நெஞ்சில் அது பதியாது.

‘அங்குத் தமிழுக்கு இடமில்லையே; ஆங்கிலத்தை நன்கு கற்பித்தால் போதாதா?’ என்று சிலர் வினவக்கூடும். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருத்து முதலில் தாய்மொழியில் வேரூன்றினால்தான் அயல்மொழிச் சொல் அதன்மேல் ஏறி நிற்கும். ஆதலின், பணி அனுமதிச் சீட்டு, பணி ஒப்படைப்பு, துண்டித்துப் பூட்டல், கூடுமிடம், தப்பும் வழி, நச்சுவாயு எச்சரிக்கை முதலான இருநூறு முந்நூறு சொற்களுக்கு எளிய தமிழ் விளக்கமும், ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பும் அடங்கிய கையேடொன்றைத் தமிழ்த்துறை தொகுத்து வெளியிடலாம். கடற்பணி முடித்து ஊர் திரும்பியுள்ள மூத்தோர் நம் ஊர்கள்தோறும் இருக்கிறார்கள். அவர்களைக் கோடை விடுமுறையில் அழைத்து, மாணவர்முன் பேசச் செய்து, அவர்கள் வாய்ச்சொல்லையே கையேடாக்கலாம். சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இதனினும் சிறந்த களப்பணி கிடைக்குமா?

கடனும் முகவரும்

இறுதியாக, பொருள் பற்றிய சில சொற்கள். தாயின் கழுத்து நகையை வட்டிக்கு அடகு வைத்து முகவர் கையில் கொடுக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் இன்னும் ஒழியவில்லை. வட்டி கூடாதென்று மேடையில் முழங்கும் நாம், வேலை தேடும் ஏழை இளைஞனை வட்டிக்கடைக்கு அனுப்பிவிட்டு வாளாவிருப்பது முறையா? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பைத்துல்மாலிலிருந்து ‘கர்ழு ஹஸனா’ என்னும் வட்டியில்லா அழகிய கடனைப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். அத்தொகையை இளைஞனிடமோ முகவரிடமோ தராமல், ஏற்பளிக்கப்பட்ட பயிற்சிக்கூடத்திற்கே நேராகச் செலுத்தினால் போலிகளுக்கு இடமிராது.

வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் பெறக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. இலட்சங்கள் கேட்பவரும், பதிவெண் காட்டாதவரும், சுற்றுலா விசாவில் அனுப்பி ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரும் நம்பத்தக்கவர் அல்லர். பணி ஒப்பந்தத்தில் ஊதியம், கடலில் இருக்கும் நாள்கள், விடுப்பு நாள்களுக்கு ஊதியம் உண்டா இல்லையா, காப்பீடு, திரும்பும் பயணச் செலவு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? எழுதாத வாக்குறுதியை நம்பிக் கடல் கடப்பது நம் மார்க்கம் கற்பித்த வழியன்று.

இத்தொழில் நிலையானது என்றும் மயங்குதல் கூடாது. 2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016-இன் தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழிறங்கியது. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை ஒருநாள் சுழியத்திற்கும் கீழே சென்றது. இத்தகைய வீழ்ச்சிகளின்போது முதலில் கரையேற்றப்படுவோர் ஒப்பந்தப் பணியாளர்களே. எனவே, முதல் ஊதியத்தில் மாளிகைக்கு அடிக்கல் நாட்டாமல், ஓராண்டுக்கான குடும்பச் செலவைச் சேமித்து வைப்பது அறிவுடைமை. கையில் தொழில் உள்ளவன் கரையிலும் பிழைப்பான். அதனாலேயே சான்றிதழுக்கு முன் தொழில் என்று வலியுறுத்துகிறோம்.

கடல் கடந்தும் பொருளீட்டச் சொன்னது நம் தமிழ் மரபு. அப்பொருள் தூயதாகவும், ஈட்டச் சென்றவன் உயிரோடு மீள்வதாகவும் இருக்க வழிசெய்தல் நம் கடமை. மாணவர்கள் தொழிலைக் கற்கட்டும். ஆசிரியர்கள் சொல்லைக் கற்பிக்கட்டும். பெரியோர்கள் கடனின்றிக் கரைசேர்க்கட்டும். விளங்காத தாளில் நம் பிள்ளை எவனும் கையொப்பமிடான் என்னும் நிலை உருவாக வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.